சம்பளப் பிடித்தக் கடன்: கையில் இருப்பது யார் கொடுத்த எண்?

பினாங்கில் அரசாங்க வேலை பார்க்கும் நம்மவர்கள், முக்கியமாகத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் மருத்துவமனை ஊழியர்களும், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் தனிநபர் கடனை ஒரு தடவையாவது எடுத்திருப்பார்கள், இல்லையென்றால் எடுக்கலாமா என்று யோசித்திருப்பார்கள். வீட்டுக் கூரையை மாற்ற நானும் அண்மையில் விண்ணப்பித்தேன். முதலில் வாட்ஸ்அப் வழியாக ஓர் ஏஜென்ட், அது சரிப்படாமல் அப்புறம் பட்டர்வொர்த்தில் ஒரு வங்கிக் கிளை. வட்டி விகிதத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேறு இடங்கள் நிறைய உண்டு, அதை இங்கே எழுதவில்லை. இந்த இரண்டு சேவைக்கும் நடுவே நான் கண்ட பெரிய வித்தியாசம், கையில் கொடுக்கும் எண் எதற்கு, யாருடையது என்று விளக்குகிறார்களா என்பதுதான்.

ஏஜென்ட் படுசுறுசுறுப்பு. ஐசி (அடையாள அட்டை) நகல், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இரண்டையும் படம் எடுத்து அனுப்பியதும் அன்று சாயங்காலமே பதில் வந்துவிட்டது: "உங்க ருஜுக்கான் நம்பர் இதுதான் அக்கா, லூலூஸ் ஆகிடும்." ருஜுக்கான் என்றால் குறிப்பு எண், லூலூஸ் என்றால் அங்கீகாரம். எந்த வங்கியில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால் "ப்ரோசஸ்ல இருக்கு" என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. அவர் முதலில் சொல்லியிருந்த வங்கிக்கே போன் போட்டு அந்த எண்ணைச் சொன்னேன். தங்களுடைய எண் அந்த மாதிரி இருக்காது, என் ஐசி எண்ணை வைத்துத் தேடினாலும் விண்ணப்பம் எதுவும் வரவில்லை என்றார்கள். அது அந்த ஏஜென்ட்டின் அலுவலகம் தன் கோப்புக்குத் தானே வைத்துக்கொண்ட எண். அதைக் கொண்டுபோய் எந்த முகப்பிலும் எதையும் கேட்க முடியாது. அதற்குள் "ப்ரோசஸிங் கட்டணம்" என்று தனி ஆள் கணக்குக்குப் பணம் போடச் சொல்லவும் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். இப்படி யாராவது பணம் போட்டு ஏமாந்துவிட்டால் தயவுசெய்து நாள் கடத்தாதீர்கள், உடனே மோசடிப் புகார்களுக்கான 997-க்கு அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்விடும்.

வங்கிக் கிளையில் கூட்டம் அதிகம், நாற்காலி குறைவு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்த இளம் அதிகாரி செய்த காரியத்துக்காகவே இதை எழுதுகிறேன். என் தாள்களை வரிசையாகப் பரப்பி, ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் நீலப் பேனாவால் சின்னதாக எழுதினார்: "இது ஜேபிஎன்" (தேசியப் பதிவுத் துறை), "இது உங்க சம்பளப் பிரிவு", "இது ஸ்கூல்", "இது நாங்க". அந்த நகலை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஐசி எண்ணைப் பற்றி நமக்குத் தெரியாததா என்று நினைப்போம். 12 இலக்கம், முதல் ஆறு பிறந்த தேதி, நடுவில் உள்ள இரண்டு பிறந்த மாநிலம், பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14, கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். உங்கள் கடன் வரலாறு மொத்தமும் இந்த எண்ணின் கீழேதான் இருக்கிறது என்பதால், பாரத்தில் ஓர் இலக்கம் மாறினாலும் விண்ணப்பம் வேறு யாருடைய பெயருக்கோ போய் நிற்கும் என்று அவர் இரண்டு முறை சரிபார்த்தார். சம்பளச் சீட்டில் இருக்கும் சம்பள எண் வேறு. அது முதலாளி தரப்பு எண், பிடித்தம் சரியான ஆளின் சம்பளத்தில் விழுவதற்கு அதுதான் வேண்டும். சிலர் பாரத்தில் அந்த இடத்திலும் ஐசி எண்ணையே எழுதிக் கொடுத்துவிடுகிறார்களாம்.

அப்புறம் வேலையை உறுதிப்படுத்தும் கடிதம். அரசாங்கக் கடிதம் எதை எடுத்தாலும் வலது மேல் மூலையில் "ருஜ். துவான்", "ருஜ். காமி" என்று இருக்கும். முதலாவது பெறுபவருடைய கோப்பு எண், இரண்டாவது அனுப்புபவருடையது. "ருஜ். காமி"யில் சாய்கோடு சாய்கோடாக எண்கள் போய், "ஜேஎல்டி. 2" என்று கோப்பின் இரண்டாம் தொகுதி எனக் குறித்து, கடைசியில் அடைப்புக்குறிக்குள் 15 என்று முடிந்தால், அந்தத் தொகுதியில் இந்தக் கடிதம் 15-ஆவது தாள் என்று அர்த்தம். வங்கி சந்தேகப்பட்டுப் பள்ளி அலுவலகத்தைக் கூப்பிட்டால், கிளார்க் அந்த எண்ணை வைத்துக் கோப்பைத் திறந்து, கடிதம் தங்களுடையதுதான் என்று உடனே சொல்லிவிடலாம். எண் இல்லாமல் வெறும் முத்திரையும் கையெழுத்துமாகக் கடிதம் கொண்டுபோனால் திருப்பி அனுப்புகிறார்கள், அது நியாயம்தான். அலுவலகத்தில் கடிதம் வாங்கும்போதே அந்த வரி நிரப்பியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இரண்டாவது தடவை அலைய வேண்டாம்.

எல்லாவற்றையும்விட ஆட்கள் அதிகம் குழம்புவது விண்ணப்ப எண்ணுக்கும் கடன் கணக்கு எண்ணுக்கும் நடுவில். விண்ணப்பம் உள்ளே போனதும் வங்கி ஓர் எண் தரும். அது முடிவு வரும் வரைக்கும்தான் உதவும்: எந்தக் கட்டத்தில் இருக்கிறது, என்ன தாள் குறைகிறது என்று கேட்பதற்கு. கடன் கிடைத்ததும் புதிதாக ஒரு கணக்கு எண் பிறக்கிறது, ஒப்பந்தத்தில் அதுதான் இருக்கும், கடன் தீரும் வரை, அதாவது அதிகபட்சம் 10 ஆண்டு, அதுதான் உங்களுக்குத் துணை. எங்கள் பள்ளியில் ஒரு ஆசிரியை பழைய எஸ்எம்எஸ்ஸில் இருந்த விண்ணப்ப எண்ணையே மீதித் தொகை கேட்க ஒவ்வொரு முறையும் சொல்லி, ஒவ்வொரு முறையும் "பதிவு இல்லை" என்ற பதிலையே வாங்கிக்கொண்டிருந்தார். தப்பு அவருடையது என்று நான் நினைக்கவில்லை. அந்த எஸ்எம்எஸ்ஸில் ஓர் எண் மட்டும் இருந்தது, அது எதன் எண் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் போன கிளையிலும் எஸ்எம்எஸ் அப்படித்தான் வருகிறது. முகப்பில் இவ்வளவு அழகாக விளக்குகிறவர்கள் அந்த ஒரு வரியையும் திருத்திவிட்டால் எவ்வளவோ பேருக்கு உதவும்.

பிடித்தம் அங்காசா வழியாகப் போனால் இன்னொரு அடுக்கு சேர்கிறது. 1971-இல் தொடங்கிய கூட்டுறவுகளின் தேசிய அமைப்பு அது, வங்கிக்கும் கூட்டுறவுக்கும் சம்பளப் பிரிவுக்கும் நடுவில் நின்று பிடித்தத்தை வாங்கிக் கொடுக்கிறது. இரண்டு மூன்று கடன் அங்காசா வழியாகவே போகிறவர்கள் சம்பளச் சீட்டில் உள்ள தொகையை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், எது எந்தக் கடனுக்குப் போகிறது என்ற விவரத்தைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இருக்கிறது, சம்பளம் 4,000 வெள்ளி (ரிங்கிட்) என்றால் 2,400. பழைய கடனை மூடிப் புதியதை எடுக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கில்தான் இடிக்கும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சேவை மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இ-சிசிரிஸ், அதாவது நம் கடன் விவர அறிக்கையை இணையத்தில் பார்க்கும் வசதி. காசு இல்லை. நிலுவையில் உள்ள கடன்கள், கடந்த 12 மாதங்களில் எப்படிக் கட்டினீர்கள், எந்தெந்த வங்கியில் விண்ணப்பம் போயிருக்கிறது, எல்லாம் அதில் தெரியும். ஏஜென்ட் "வங்கியில் போட்டாச்சு" என்று அடித்துச் சொன்னால் அவரிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம், அறிக்கையை எடுத்து விண்ணப்பப் பகுதியைப் பாருங்கள். இன்று போட்டது இன்றே வராது, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். நீங்கள் போடாத விண்ணப்பம் ஏதாவது உங்கள் பெயரில் இருந்தால் அதுவும் அங்கேதான் வெளிவரும்.

அந்த வங்கிக் கிளையை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன், காலையிலேயே போய்விட்டால் நல்லது. கிளம்பும்போது அந்த அதிகாரி சொன்ன இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: கடனை முன்கூட்டியே அடைக்கும் எண்ணம் இருந்தால், முடிந்துவிட்டது என்று வங்கி தரும் கடிதத்தில் கடன் கணக்கு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, ஒரு நகலைச் சம்பளப் பிரிவில் கொடுத்துவிட வேண்டும். அந்த மாதச் சம்பளக் கணக்கு ஏற்கெனவே மூடியிருந்தால் ஒரு பிடித்தம் கூடுதலாகப் போகலாம், அதைத் திரும்பக் கேட்கும்போதும் சொல்ல வேண்டியது அதே கணக்கு எண்தான்.