மாத இதழா, காலாண்டிதழா, மின்னஞ்சலா? புதிதாக ஒரு ராக் பத்திரிகை

ராக் பத்திரிகை தொடங்கலாம் என்று நாலு பேர் கூடினால், முதல் ஒரு மணி நேரம் பெயர் வைப்பதிலேயே போகும். அடுத்த ஒரு மணி நேரம் முதல் அட்டையில் யாரைப் போடுவது என்ற சண்டை. யார் வாங்கப் போகிறார்கள் என்ற பேச்சு வரும்போது எல்லோருக்கும் கொட்டாவி வந்திருக்கும். “ராக் கேக்கறவங்க எல்லாரும்தான்” என்று ஒருவர் சொல்ல, கூட்டம் கலையும்.

அந்த ‘எல்லாரும்’ இப்போது எங்கும் இல்லை. முன்பு இருந்தார்கள். பிரிட்டனில் 1952-ல் தொடங்கிய என்.எம்.இ. என்ற இசை வார இதழ் 1964 வாக்கில் மூன்று லட்சம் பிரதிகளைத் தாண்டியது. ஒரு இசைத்தட்டை வாங்குவதற்கு முன் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள வானொலியை விட்டால் பத்திரிகைதான். காசு போடலாமா வேண்டாமா என்பதை விமர்சகர் சொல்ல வேண்டியிருந்தது. 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைகளில் வெளியாகின்றன. பெரும்பாலானவை அன்றே ஸ்ட்ரீமிங்கிலும் வந்துவிடும். வாசகர் பாதி ஆல்பத்தைக் கேட்டு முடித்த பிறகு நம் மதிப்பெண் எதற்கு? அதே 2015-ல் என்.எம்.இ. இலவச இதழானது, 2018-ல் அச்சை நிறுத்தியது, 2023-ல் இரு மாத இதழாகத் திரும்பி வந்தது. 1986-ல் பிறந்த ‘க்யூ’ இசை மாத இதழ் 2020-ல் மூடப்பட்டது.

ஆக, எல்லோருக்குமான ராக் இதழ் என்ற யோசனையை நான் முதலிலேயே தள்ளிவிடுவேன். மிச்சம் இருப்பவை மூன்று.

ஒன்று, ஒரே வகை இசைக்கான இதழ். ‘கெராங்!’ 1981-ல் ‘சவுண்ட்ஸ்’ என்ற வார இதழின் இணைப்பாகத்தான் வந்தது. கனத்த கிதார் சத்தம் பிடித்தவர்களுக்கு மட்டும் என்று வாசலிலேயே எழுதி ஒட்டிய மாதிரி ஒரு பத்திரிகை. இப்படிப்பட்ட வாசகர்கள் எண்ணிக்கையில் குறைவு, பிடிமானத்தில் அதிகம். டி-ஷர்ட் வாங்குவார்கள், பழைய இதழ்களை அடுக்கி வைப்பார்கள், ஒரு டிரம்மர் பெயரைத் தப்பாகப் போட்டால் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள். அந்தக் கோபம் ஒரு பத்திரிகைக்குச் சொத்து.

இரண்டாவது, ஒரு தலைமுறைக்கான இதழ். ‘மோஜோ’ (1993), ‘கிளாசிக் ராக்’ (1998) போன்றவை போன பாதை. வாசகரிடம் பணம் இருக்கும், அச்சில் படிக்கும் பழக்கம் இருக்கும், பழைய ஆல்பங்களின் மறுவெளியீட்டு விளம்பரமும் கிடைக்கும். ஆனால் அட்டையில் அதே இருபது முகங்கள்தான் மாறி மாறி வந்தாக வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் இங்கே மோதப் போவது பல ஆண்டுப் பேட்டிகளையும் படங்களையும் கையில் வைத்திருப்பவர்களோடு. எனக்குத் தைரியம் வராது.

மூன்றாவது, வாசிப்பவர்களுக்கானது, அதாவது கிதார் வாசிப்பவர்களுக்கு. கிதார் ஒலியை மாற்றும் பெடல், ஆம்ப்ளிஃபையர், தந்தி விற்கும் நிறுவனங்கள் விளம்பரம் தரும். அடுத்த பக்கத்திலேயே அந்தப் பெடல் சரியில்லை என்று எழுத முடியுமா என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடலாம்.

வாசகர் யார் என்று முடிவானால், எப்படி வெளியிடுவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். மாத இதழ் கம்பீரமாகத்தான் தெரியும், கணக்கு மட்டும் வயிற்றைக் கலக்கும். கடைக்கு அனுப்பிய பிரதிகளில் விற்காதவை திரும்பி வரும். ஏஜென்ட் கமிஷன் போக மிச்சப் பணம் கைக்கு வருவதற்குள் அடுத்த இதழ் அச்சுக்குப் போயிருக்கும். செய்தியோ அச்சகத்திலேயே பழசாகிவிடும். மாத இதழ் என்றாலே சம்பளத்துக்கு ஆள் வேண்டும். ஆர்வத்தில் எழுதித் தரும் நண்பர்கள் மூன்றாவது மாதமே போனை எடுக்க மாட்டார்கள்.

இணையம் மட்டும் போதும் என்பவர்கள் பிட்ச்ஃபோர்க் கதையைப் பார்க்கலாம். தொண்ணூறுகளில் ஓர் இளைஞர் தனியாக ஆரம்பித்து, ஒரு ஆல்பத்தின் தலையெழுத்தையே தீர்மானிக்கும் அளவுக்கு வளர்ந்த இசை விமர்சனத் தளம். 2015-ல் காண்டே நாஸ்ட் என்ற பெரிய பத்திரிகை நிறுவனம் அதை வாங்கியது. 2024 ஜனவரியில் ஆண்களுக்கான ஜி.க்யூ. பத்திரிகையோடு சேர்க்கப்போவதாக ஒரே அறிவிப்பு, பலருக்கு வேலை போனது. தளம் நடத்தச் செலவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் சமூக வலைத்தளம் கொண்டுவந்து விடும் வாசகர் இரவல் வாசகர். மின்னஞ்சல் முகவரி தந்தவர்தான் நம்முடையவர்.

என் ஓட்டு காலாண்டிதழுக்கு, நடுவில் பதினைந்து நாளுக்கு ஒரு இலவச மின்னஞ்சல். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1969-ல் தொடங்கி 1989-ல் நின்ற ‘க்ரீம்’ என்ற ராக் இதழ், 2022-ல் உயிர் பெற்றபோது சந்தாதாரர்களுக்கான காலாண்டிதழாகத்தான் வந்தது. வார இதழாக ஓடிய கெராங்! 2020-ல் நின்று, காலாண்டிதழாகத் திரும்பியது. நீண்ட பேட்டி, ஒரு ஆல்பம் பதிவான கதை, நல்ல புகைப்படம் எல்லாம் மூன்று மாதத்தில் கெட்டுப்போகாது. மூன்று மாத மௌனத்தில் வாசகர் நம்மை மறந்துபோவதுதான் ஆபத்து, மின்னஞ்சல் அதற்காகத்தான்.

சந்தாப் பணம் முன்கூட்டியே வருவது ருசியாக இருக்கும். அது வருமானம் அல்ல, நாலு இதழ் கடன். இரண்டாவது இதழோடு கடையை மூடினால் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

அச்சில் ராக்குக்கென்றே ஒரு தொல்லை உண்டு. மேடைப் படங்களில் முக்கால்வாசி இருட்டு. திரையில் பளிச்சென்று இருக்கும் படம், வழவழப்பில்லாத தாளில் அடித்தால் மை ஊறிப் பரவி, கறுப்பு கிதாரும் கறுப்புச் சட்டையும் ஒரே கரியாகிவிடும். நிழல் பகுதிகளைக் கொஞ்சம் வெளுக்க வைத்து, எந்தத் தாளோ அதே தாளில் ஒரு மாதிரிப் பக்கம் அடித்துப் பார்க்காமல் ஆர்டர் கொடுக்கக் கூடாது. நடுவில் பின் அடிக்கும் இதழ் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 50 பக்கம் என்று திட்டமிட்டு, கடைசி நாளில் இரண்டு பக்கத்துக்கு விஷயம் தேடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் கூத்து.

எத்தனை பிரதி? ஆஃப்செட் அச்சில் எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதியின் விலை இறங்கும். “இன்னும் ஐநூறு போட்டா கொஞ்சம்தான் கூட வரும் சார்” என்று அச்சகத்தில் ஆசை காட்டுவார்கள். 1976-ல் ‘ஸ்னிஃபின் க்ளூ’ என்ற பங்க் ராக் இதழை மார்க் பெரி ஐம்பது பிரதி சொச்சம் நகலெடுத்துத்தான் ஆரம்பித்தார். கேட்டு வந்தவர்கள்தான் அந்த எண்ணிக்கையை ஆயிரக்கணக்கில் ஏற்றினார்கள். என் கணக்கு இதுதான்: முன்பதிவு எவ்வளவோ அவ்வளவு, மேலே ஐம்பது. நாங்கள் ஒரு சிற்றிதழுக்கு அந்த ‘இன்னும் ஐநூறு’க்குத் தலையாட்டினோம். அதில் இரண்டு கட்டு இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. நண்பனின் ஆம்ப்ளிஃபையர் சரியான உயரத்தில் நிற்பது அதன் மேல்தான்.