"முப்பது மீட்டர் தாங்கும்"னு சொன்னதை நம்பி அம்மாவுக்கு வாங்கின வாட்ச்

கடல்ல இறங்கி வேலை செய்யறவங்களுக்கு வாட்ச் வாங்கப் போறீங்கன்னா, காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. எனக்குப் போனது 2,650 ரூபாய். அதுக்காக மட்டும் இருந்தா இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

எங்க அம்மா பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போறவங்க. மரிக்கொழுந்து, கட்டக்கோரைன்னு சொல்ற பாசி வகைங்களை எடுத்துத்தான் என்னைப் படிக்க வச்சாங்க. இத்தனை வருஷத்துல மணி பார்க்க வாட்ச் வேணும்னு கேட்டதே இல்லை. வெயில் ஏறுறதையும் தண்ணி வத்துறதையும் பார்த்தே வள்ளத்துக்குத் திரும்பிடுவாங்க. போன வருஷம் சர்க்கரை இருக்குன்னு தெரிஞ்சது. காலையில மாத்திரை போட்டா பத்தரைக்குள்ள ஏதாவது சாப்பிட்டே ஆகணும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். விரல்ல துணி சுத்தி, முகத்துல கண்ணாடி மாட்டி, பாறைக்கு முங்கி முங்கி எழுந்திரிக்கிறவங்களுக்குப் பத்தரை எப்படித் தெரியும்? போனையும் கொண்டுபோக முடியாது. அதுக்காகத்தான் வாட்ச்.

இராமநாதபுரத்துல கொஞ்சம் பெரிய கடைதான். பேரை இங்க போடலை, புகார் நடந்துகிட்டிருக்கு. உள்ள போனதும் விஷயத்தை மறைக்காம சொன்னேன்.

"அண்ணே, அம்மா கடல்ல பாசி எடுக்கிறவங்க. நாலு மணி நேரம் தண்ணியிலேயேதான் இருப்பாங்க. அதுக்குத் தாங்குற மாதிரி கொடுங்க."

அவர் ஒரு வாட்ச்சை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "இங்க பாருங்க தங்கச்சி, வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீட்டர். உங்கம்மா முப்பது மீட்டர் ஆழத்துக்கா போகப் போறாங்க? கழுத்தளவு தண்ணிதானே! ஜப்பான் மெஷின், ஸ்டீல் பாடி, ஒரு வருஷம் வாரண்டி."

கேட்கும்போது நியாயமாத்தான் இருந்தது. மூணு ஆள் ஆழம்கூட இல்லாத இடத்துக்கு முப்பது மீட்டர் தாராளம்னு நினைச்சேன். ஜிபேல பணம் அனுப்பினேன். ஒரு துண்டுச் சீட்டுல "வாட்ச் 1 – 2650"ன்னு எழுதிக் கொடுத்தார்.

அந்த 30 மீட்டர், வாட்ச்சைக் கட்டிக்கிட்டு இறங்கக்கூடிய ஆழமே இல்லை. புது வாட்ச்சை அசையாம வச்சு, அந்த அளவு அழுத்தம் கொடுத்துப் பார்க்கிற சோதனையோட கணக்கு அது. பத்து மீட்டர் தண்ணிக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம், அதனால சில வாட்ச்ல 3 பார்னு போட்டிருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். கம்பெனிக்காரங்க அவங்க கையேட்டுலயே எழுதியிருக்காங்க: 30 மீட்டர்னா மழைத்துளி, முகம் கழுவுறப்ப தெறிக்கிற தண்ணி, அவ்வளவுதான். நீச்சலுக்குக் குறைஞ்சது 50 வேணும். முங்கி எழுந்திரிக்கிற வேலைக்கு 100. ஆழ்கடல்ல மூச்சுக்கருவியோட இறங்குறவங்களுக்குன்னு ஐ.எஸ்.ஓ. 6425ன்னு தனியா ஒரு உலகத் தர விதி இருக்கு. அதுல ஒவ்வொரு வாட்ச்சையும், போட்டிருக்கிற அளவுக்கு மேல கால் பங்கு கூடுதல் அழுத்தத்துல சோதிச்சுத்தான் வெளியே விடணும். சாதாரண வாட்ச்சுக்கு உள்ள ஐ.எஸ்.ஓ. 22810ல அப்படி ஒவ்வொண்ணாப் பார்க்கணும்னு கட்டாயம் இல்லை. வருஷக்கணக்கா வாட்ச் விக்கிற ஒருத்தருக்கு இது தெரியாம இருக்காது. இதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

ஒன்பதாவது நாள் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி பிடிச்ச மாதிரி இருந்தது. கடைக்குப் போன் பண்ணினேன். "ஒண்ணுமில்ல, ரெண்டு நாள் வெயில்ல வைங்க, தெளிஞ்சிடும்"னார். வச்சோம். தெளிஞ்சது. அம்மா சந்தோஷமா மறுபடி கட்டிக்கிட்டுப் போனாங்க.

அடுத்த வாரம் ஒரு நாள் தண்ணிக்குள்ளேயே அது 9:40ல நின்னுபோச்சு. அம்மாவுக்குத் தெரியலை. ரெண்டு தடவை பார்த்திருக்காங்க, "இன்னும் பத்தாகலையே"ன்னு மறுபடி முங்கியிருக்காங்க. ஈரக் கண்ணாடிக்குள்ள அந்தச் சின்ன முள்ளு ஓடுதா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? பதினொண்ணு தாண்டினதும் கை நடுங்கி, கண்ணு இருட்டி, பாறையில சாய்ஞ்சிட்டாங்க. கூட இருந்த அக்காங்க பார்த்ததாலதான் எனக்கு இன்னைக்கு அம்மா இருக்காங்க. வள்ளத்துக்குத் தூக்கிட்டு வந்து, ஒருத்தங்க மடியில முடிஞ்சு வச்சிருந்த கடலைமிட்டாயைக் கொஞ்சம் கொஞ்சமா வாயில வச்சுக் கொடுத்திருக்காங்க. வாட்ச் இல்லாத நாள்ல இப்படி ஆனதே இல்லை. பசிச்சா ஏறி வந்திடுவாங்க. வாட்ச்சை நம்பினதாலதான் வரலை.

மாசத்துல 12 நாள்தான் பாசிக்குப் போறதுன்னு இங்க பொம்பளைங்களே கூடி வச்ச கட்டுப்பாடு. அதுல நாலு நாள் அம்மா வீட்டுல படுத்திருந்தாங்க.

வாட்ச்சை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனேன். பின்மூடியைத் திறந்து பார்த்துட்டு, "கடல் தண்ணி உள்ள போயிருக்கு, இதுக்கு வாரண்டி கிடையாது. மெஷின் மாத்தணும், 450 ஆகும்"னார். நீங்கதானே கடலுக்குத் தாங்கும்னு சொன்னீங்கன்னு கேட்டதுக்கு, "நான் மழைக்குத் தாங்கும்னுதான் சொன்னேன்"னு முகத்துக்கு நேரா மாத்திப் பேசினார். சீட்டைக் காட்டினேன். "இதுல எங்க கடை பேரே இல்லையே"ன்னார்.

மெஷின் மாத்த விடாம வாங்கிட்டு வந்துட்டேன். அரண்மனை வாசல் பக்கம் சின்னப் பெட்டிக்கடை அளவுல ஒரு பெரியவர் வாட்ச் ரிப்பேர் பார்க்கிறார். அவர்கிட்ட கொடுத்தேன். லென்ஸைக் கண்ணுல வச்சுப் பார்த்துட்டு, என்னையும் அதே லென்ஸ் வழியா பார்க்கச் சொன்னார். முள்ளைத் திருப்பி வைக்கிற சாவி உள்ள நுழையற துளையைச் சுத்தி, அரைச்ச கல்லுப்பு மாதிரி வெள்ளையா படிஞ்சிருந்தது. அதுலேர்ந்து ஒரு துரு வரி பேட்டரி வரைக்கும் ஓடியிருந்தது.

"மெஷின் ஜப்பான்தான் தாயி, அதுல அவன் பொய் சொல்லலை. குடியிருக்கிறவன் நல்லவன், வீடுதான் ஒழுகுது."

பின்மூடிக்கு அடியில இருக்க வேண்டிய ரப்பர் வளையத்தைக் குறட்டால எடுத்துக் காட்டினார். தலைமுடி மாதிரி மெல்லிசா, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. வள்ளத்துல வெயில்ல கை சூடாகும், வாட்ச்சுக்குள்ள இருக்கிற காத்தும் சூடாகும். சட்டுனு தண்ணிக்குள்ள போனா அந்தக் காத்து சுருங்கும், சுருங்கும்போது வளையத்துல இடுக்கு இருந்தா வெளித் தண்ணியை உள்ள இழுத்துக்கும். ஒரு நாளைக்கு இது எத்தனை தடவை நடக்கும்னு கேட்டார். முங்குற ஒவ்வொரு தடவையும்னு சொன்னேன். வெயில்ல வைக்கச் சொன்னதைச் சொன்னப்ப அவருக்குக் கோபமே வந்துடுச்சு. "தண்ணி காயும், உப்பு எங்க போகும்? உள்ளேயே உக்காந்து தின்னும். ஆவி தெரிஞ்ச அன்னைக்கே திறந்து துடைச்சிருந்தா மெஷினாவது மிஞ்சியிருக்கும்."

ஸ்டீல் பாடிங்கிறதும் பொய். பின்மூடியில பொடி எழுத்துல ரெண்டு வரி இருந்தது, அவர் சொல்லித்தான் படிச்சேன்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக், பேஸ் மெட்டல் பெசல். மூடி மட்டும்தான் ஸ்டீல், மத்ததெல்லாம் மட்டமான உலோகத்துக்கு மேல முலாம். பட்டை மாட்டுற முனையில அதுக்குள்ள முலாம் கொப்பளிச்சு உரிஞ்சிருந்தது. உண்மையான ஸ்டீல்லயும் 316 எல்-னு ஒரு ரகம்தான் உப்புத்தண்ணிக்கு நல்லாத் தாங்கும்னார். பட்டையைப் பிடிச்சிருக்கிற சின்னப் பின்னையும் தொட்டுக் காட்டினார். அது துருப்பிடிச்சு ஒடிஞ்சா வாட்ச் கடலுக்குத்தான். தோல் பட்டை வேண்டவே வேண்டாம்.

சரி பண்ணித் தர்றேன்னு ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தா காசு கொடுத்திருப்பேன். "அழுத்தம் பார்க்கிற மெஷின் என்கிட்ட இல்லை. நான் திறந்து மூடுற எந்த வாட்ச்சையும் கடலுக்குக் கட்டாதீங்க"ன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டார். பேட்டரி மாத்தினாலும் இதே கதைதான், வளையம் புதுசு போட்டு, அழுத்தம் சோதிச்சு வாங்கணும். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கேட்டா அதைச் செய்வாங்க.

இப்ப அம்மா கையில இருக்கிறது கேசியோ டபிள்யூ-800 ஹெச். 100 மீட்டர், கேஸும் பட்டையும் ரெசின்ங்கிற பிளாஸ்டிக் வகை, முலாம் உரிய ஒண்ணுமில்லை. எண் பெருசா தெரியும். பேட்டரிக்குப் பத்து வருஷம்னு கம்பெனி சொல்லுது, எனக்கு அதுதான் பெருசாப் பட்டது. அத்தனை வருஷம் மூடியைத் திறக்க வேண்டாம்னா வளையத்தை யாரும் கை வைக்க மாட்டாங்க. அலாரம் இருக்கு, பத்தேகாலுக்கு வச்சிருக்கோம். கை தண்ணிக்குள்ள இருந்தா சத்தம் கேட்காது, ஆனா முள்ளு மாதிரி ஏமாத்தாது. நின்னுபோச்சுன்னா எண்ணே தெரியாது. தண்ணிக்குள்ள இருக்கும்போது பட்டனை அழுத்தக்கூடாதுங்கிறதை மட்டும் அம்மாகிட்ட நாலு தடவை சொல்லியிருக்கேன்.

இதை வாங்கறதுக்கு முன்னாடி, கேசியோவோட சின்ன வாட்ச், எஃப்-91 டபிள்யூ, தெருவோரத்துல இருநூறு ரூபாய்க்குக் கிடைக்குதேன்னு பார்த்தேன். வலதுபக்கப் பட்டனை மூணு செகண்ட் விடாம அழுத்தினா ஒரிஜினல்ல கேசியோன்னு ஆங்கிலத்துல எழுத்து வரும். நான் அழுத்திப் பார்த்ததுல வரலை. ஒரிஜினலா இருந்தாலும் அது முங்குறதுக்கு ஆன வாட்ச் இல்லை, அதுல மீட்டர் கணக்கே போட்டிருக்காது.

புகார் பத்தி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணினேன், பதிவு பண்ணிக்கிட்டாங்க. அது பலிக்கலைன்னா இராமநாதபுரத்துல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, வாங்கின சாமானோட மதிப்பு 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணம் கிடையாது, குறை ஏற்பட்டதிலேர்ந்து 2 வருஷத்துக்குள்ள போகணும். துண்டுச் சீட்டை அவர் மறுத்தாலும் ஜிபேல கடை பேரும் தேதியும் தொகையும் இருக்கு, அதைப் படம் எடுத்து வச்சிருக்கேன். நீங்க வாங்கும்போது ஜி.எஸ்.டி. பில் கேளுங்க. அதுல மாடல் நம்பரோட "கடல் நீரில் பயன்படுத்த"ன்னு எழுதச் சொல்லுங்க. எழுத யோசிச்சாங்கன்னா வாட்ச்சை அங்கேயே வச்சுட்டு வந்துடுங்க. அட்டைப்பெட்டியில எம்.ஆர்.பி.யும் இறக்குமதி பண்ணினவங்க முகவரியும் இருக்கான்னு பாருங்க. எனக்குக் கொடுத்த பெட்டியில ரெண்டும் இல்லை.

எந்த வாட்ச்சா இருந்தாலும் கடல்லேர்ந்து வந்ததும் நல்ல தண்ணியில அலசணும். முதல் நாள் சொன்னப்ப அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "குடிக்கிற தண்ணியை வாட்ச்சுக்கு ஊத்தச் சொல்றியா பாப்பா?" தண்ணிக்கு எங்க தெருவுல குடத்தை வரிசையில போட்டு நிக்கிறவங்க, அப்படித்தான் கேட்பாங்க. இப்ப ஒரு பழைய டம்ளர்ல பாதி எடுத்து, வாட்ச்சை அதுல போட்டு ரெண்டு ஆட்டு ஆட்டி, கொடியில தொங்கவிடுறாங்க. மிச்சத் தண்ணியை முருங்கைக்கு ஊத்திட்டுத்தான் சாப்பிட உக்கார்றாங்க.