மலிவு விலை டிஏசி: விரல் நீளக் கம்பியா, மேசைப் பெட்டியா?

கணினியில் பாட்டுக் கேட்பவர்கள் ஹெட்ஃபோனுக்கு நல்ல தொகை கொடுத்த பிறகு அடுத்துக் கண் வைப்பது வெளி டிஏசியின், அதாவது கணினியின் டிஜிட்டல் தகவலை ஒலிக்கான மின்குறிப்பாக மாற்றும் தனிக் கருவியின் மீதுதான். மலிவு விலையில் உண்மையான போட்டி மூன்றுக்கிடையேதான் நடக்கிறது: மடிக்கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஹெட்ஃபோன் துளை, ஆப்பிளின் யுஎஸ்பி-சி ஹெட்ஃபோன் அடாப்டர் என்ற விரல் நீளக் கம்பி, ஃபியோ ஈ10கே போன்ற வால்யூம் குமிழ் வைத்த மேசைப் பெட்டி. இம்மூன்றையும் இரண்டு ஹெட்ஃபோன்களில் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்று 38 ஓம் மின்தடை கொண்ட ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ். மற்றது 300 ஓம் கொண்ட சென்ஹைசர் எச்டி 600.

ஒப்பிட்ட முறையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இத்துறையில் வழங்கப்படும் தீர்ப்புகளில் பல, ஒலியளவைச் சமப்படுத்தாமலேயே எழுதப்பட்டவை. ஒரு கருவி அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே போதும், காது அதைச் சத்தம் என்று கணக்கிடாமல் தெளிவு என்று கணக்கிட்டுவிடும். ஹெட்ஃபோன் இணைந்திருக்கும் நிலையில் 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, வெளிவரும் வோல்டேஜை மல்டிமீட்டரில் அளந்து சமன் செய்வதே சரியான வழி. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் மிக மலிவாகக் கிடைக்கும் மீட்டர்கள் இதற்கு உதவா. அவற்றில் ஏசி அளவீடு 200 வோல்ட்டில்தான் தொடங்குகிறது, 0.46 வோல்ட்டையும் 0.54 வோல்ட்டையும் அது ஒன்றுபோல 00.5 என்றே காட்டும். அந்த இடைவெளி ஏறக்குறைய 1.4 டெசிபல், அதாவது நாம் தேடும் வித்தியாசத்தைவிடப் பெரிது. ஏசியில் 2 வோல்ட் அளவு உள்ள மீட்டரைக் கேட்டு வாங்க வேண்டும்.

அப்படிச் சமன் செய்தபின் எம்50எக்ஸில் கேட்டால், ஆப்பிள் கம்பிக்கும் ஈ10கே பெட்டிக்கும் இடையே எந்த வித்தியாசத்தையும் என் காதால் கண்டுபிடிக்க முடியவில்லை. மடிக்கணினியின் துளையும் பாட்டு ஓடும்போது பின்தங்கவில்லை. ஆலாபனையின் நடுவே பாடகர் மூச்செடுக்க நிறுத்தும் இடத்தில்தான் அது தன்னைக் காட்டிக்கொடுத்தது: மெல்லிய இரைச்சல் ஒன்று தரையோடு ஊர்ந்துகொண்டிருந்தது, மவுஸை நகர்த்தும்போது அதன் மேல் கீச்சென்று ஓர் ஒலி ஏறிக்கொண்டது. வெளிக்கருவிகள் இரண்டிலும் அந்த இடம் சுத்தமாக இருந்தது. குறைந்த ஓம் ஹெட்ஃபோன் வைத்திருப்பவர் பணம் கொடுத்து வாங்குவது இந்த அமைதியைத்தான். அமெரிக்காவில் 9 டாலருக்கு வந்த அந்தச் சிறு கம்பியே அதைக் கொடுத்துவிடுகிறது.

300 ஓமுக்குப் போனால் கணக்கு மாறுகிறது. ஓம் கூடிய ஹெட்ஃபோன் பொதுவாக அதிக வோல்டேஜ் கேட்கும். எச்டி 600க்கு 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் ஒலிக்கும் என்கிறது அதன் குறிப்பு. ஆப்பிள் கம்பியின் உச்சம் அந்த 1 வோல்ட்தான். அதுவும் அமெரிக்க மாடலான ஏ2049க்கு மட்டும். ஐரோப்பாவுக்கான ஏ2155 அதில் பாதியைத்தான் தரும் என்பதால், வாங்கும்முன் மாடல் எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்றைய திரைப்பாடல்கள் உரத்த அளவிலேயே பதிவாகி வருவதால் 1 வோல்ட் அவற்றுக்குத் தாராளம். ஆனால் கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றிய பழைய கச்சேரிப் பதிவுகள் பெரும்பாலும் தாழ்ந்த அளவில் இருக்கும். வால்யூமை முழுவதும் ஏற்றிய பிறகும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கை தேடும். 32 ஓமில் 200 மில்லிவாட் தரும் ஈ10கேயில் கணக்குப் போட்டால் சுமார் 2.5 வோல்ட் கிடைக்கிறது, அதாவது கம்பியைவிட 8 டெசிபல் அதிகம். மிருதங்கத்தின் தொப்பி ஒலி தளராமல் வந்தது இந்தப் பெட்டியில்தான். 2021 அக்டோபர் முதல் வந்த மேக்புக் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. 150 ஓமுக்கு மேற்பட்ட ஹெட்ஃபோனைச் செருகினால் அதன் துளையே 3 வோல்ட் வரை கொடுக்கும்.

டிஏசி தீர்த்துவைக்கும் என்று நம்பிப் பலர் வாங்கி ஏமாறுவது கரண்ட் ஹம் விஷயத்தில். ஈ10கேயின் பின்புறமுள்ள லைன் அவுட்டிலிருந்து ஆம்ப் வைத்த ஸ்பீக்கருக்கு இணைப்புக் கொடுத்து, மடிக்கணினிக்கு சார்ஜரையும் மாட்டினால், எர்த் சரியில்லாத பழைய குடியிருப்புகளில் 'ம்ம்' என்ற ஓசை எழக்கூடும். யுஎஸ்பி கம்பி கிரவுண்டையும் சேர்த்தே கடத்துவதால், பெட்டியை மாற்றுவதால் அது போகாது. சார்ஜரைக் கழற்றியதும் ஓசை நின்றால் காரணம் உறுதி. சார்ஜர், ஸ்பீக்கர் இரண்டின் பிளக்கையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகிப் பார்ப்பது செலவில்லாத முதல் வைத்தியம். கர்நாடக இசை கேட்பவருக்கு இந்த ஹம் இரட்டைத் தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்காக 200 ஹெர்ட்ஸும் ஹம்மில் கலந்து வரும். 5 கட்டைச் சுருதியில் பாடுபவரின் சட்ஜமம் 196 ஹெர்ட்ஸ். 1 கட்டைக்காரரின் பஞ்சமமும் அதுவே. நான்கு ஹெர்ட்ஸ் விலகி நிற்கும் அந்த ஹம், தம்பூராவின் மேல் நொடிக்கு நான்கு அலையாக மோதிச் சுருதியையே கலங்கடிக்கும்.

இதற்கும் மேலே போக விரும்புவோர் ஐஃபை ஸென் டிஏசியைக் கேட்பார்கள். 6.3 மில்லிமீட்டர் துளை, இடது, வலது ஒலிகளைத் தனித்தனிக் கம்பிகளில் அனுப்பும் 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு துளை, பேஸ் கூட்டும் பொத்தான் என்று வசதிகள் உண்டு. எச்டி 600க்கு அடுத்த நிலை ஹெட்ஃபோனை வாங்கும் திட்டம் இல்லாதவர் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்க நான் காரணம் காணவில்லை.

என் மேசையில் தங்கியது ஈ10கேதான். திரையில் வால்யூமைத் தேடாமல் கையை நீட்டித் திருப்பும் சுகம் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எம்50எக்ஸ் மட்டும் வைத்திருந்தால் கம்பியோடு நிறுத்தியிருப்பேன். குமிழ் வைத்த எந்தப் பெட்டியை வாங்கினாலும், கடையிலேயே அதை மிகக் குறைந்த அளவில் வைத்து ஒற்றைக் குரல் பதிவு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். மலிவான குமிழ்கள் அந்தத் தொடக்கப் பகுதியில் ஒரு காதுக்குக் குறைத்தும் மறு காதுக்குக் கூட்டியும் கொடுக்கும். குரல் நடு நெற்றியை விட்டு ஒரு பக்கம் சாய்ந்தால், வேறொரு பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட வேண்டாம்.