சூரியன் மறைந்த பிறகும் இருபது நிமிடம்: கோலசிலாங்கூர் மாலைப் படகுப் பயணம்

அஸ்தமனம் காட்டுகிறேன் என்று காசு வாங்குகிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்றைத்தான் கவனிப்பேன். சூரியன் போன பிறகு என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் கிளம்பச் சொல்லிவிடுவார்கள். வானம் நன்றாகச் சிவப்பதே அதற்குப் பிறகுதான்.

பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றபின் கொஞ்சம் ஊர் சுற்றினேன். கிரீஸ் நாட்டுச் சந்தோரினித் தீவில் இயா என்ற ஊரில் பழைய கோட்டைச் சுவரோரம் இரண்டு மணி நேரம் முன்பே போய் இடம் பிடித்தோம். சூரியன் கடலில் இறங்கியதும் எல்லாரும் கை தட்டினார்கள், அடுத்த நிமிடமே சந்து முழுக்க நெரிசல். அங்கோர் பக்கத்தில் புனோம் பாக்கெங் குன்றின் மேல் கோயிலில் ஒரே நேரத்தில் 300 பேரைத்தான் விடுவார்கள். வரிசையில் நின்று ஏறி மூச்சு வாங்குவதற்குள் எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி மணியைக் காட்டிக் கீழே இறக்கிவிட்டார். கன்னியாகுமரியில் நாங்கள் போனது மே மாதம். அந்தச் சமயத்தில் சூரியன் கடலில் விழாது, நிலத்துப் பக்கம் போய்விடும். அதை வண்டி ஏற்பாடு செய்தவர் முன்கூட்டிச் சொல்லவே இல்லை. இதெல்லாம் மனதில் இருந்ததால்தான், எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் வேனும் படகும் சேர்த்து நடத்தும் இந்தக் கோலசிலாங்கூர்ப் பயணத்தைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

எங்கள் ஊர் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள், பேச்சில் இன்னும் பழைய பெயர்தான். நாலு பக்கமும் தோட்டம். முன்பு பால்மரம் (ரப்பர்), இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை). அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர், விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனவர். சூரியன் எழுவதை ஆயிரம் தடவை பார்த்திருப்பார். கடலில் இறங்குவதை ஒரு தடவையும் பார்த்ததில்லை. தோட்டத்தில் ஆறு மணிக்கே அது மரத்துக்குப் பின்னால் போய்விடும், அதற்கப்புறம் அடிவானம் என்று ஒன்று கண்ணில் படாது.

நால்வர் போனோம். தலைக்கு 85 வெள்ளி (ரிங்கிட்), சாப்பாடு தனி. வேன் மூன்றரைக்கு வரவேண்டியது, நாலுக்குத்தான் வந்தது. தாமதமாகும் என்று ஒரு போன் செய்திருக்கலாம். வெயிலில் நிற்கும் வயதானவர்களுக்கு அந்த அரை மணி பெரிது.

முதலில் மலாவாத்தி குன்று. 1907-ல் கட்டிய கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், சாம்பல் நிற லூத்தோங் குரங்குகள். குட்டிகள் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அங்கே முக்கால் மணி நேரம் விட்டார்கள், பாதியே போதும்.

அப்புறம் படகு. ஓட்டுபவர் மலாய்க்காரர், ஐம்பது வயதிருக்கும். அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றி, நடுப் பலகையில் உட்காரவைத்து, பாதுகாப்புச் சட்டையின் வாரை அவரே இழுத்துக் கட்டினார். ஆற்று முகத்துவாரத்தை நெருங்கும்போது செம்பருந்துகள் கூட்டமாக வந்தன. நம் ஊர்க் கணக்கில் கருடன். அம்மா ஒவ்வொன்றுக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஒண்ணப் பாத்தாலே புண்ணியம்பாங்க, இங்க இம்புட்டு இருக்கே புள்ள," என்றார். படகோட்டி கோழித்தோலை வீசியது எனக்குப் பிடிக்கவில்லை. சும்மா நின்றாலே பருந்துகள் தெரியும், தீனி போட்டுப் பழக்க வேண்டியதில்லை. தம்பியிடம் அதைச் சொல்லியிருக்கிறேன்.

ஏழு மணிக்கு மலாக்கா நீரிணையில் இருந்தோம். படகோட்டி எஞ்சினை நிறுத்தினார். அலை பலகையில் மோதும் சத்தம் மட்டும். சூரியன் கீழே வரவர அடிப்பக்கம் சப்பையாகி, குழியில் இருந்து எடுத்த பணியாரம் போல ஆனது. அடிவானத்தில் காற்று ஒளியை வளைக்கிறது, அதனால்தான் அந்தச் சப்பை. அது தண்ணீரைத் தொடுவதாக நமக்குத் தெரியும் நேரத்தில் நிஜச் சூரியன் ஏற்கெனவே கீழே போயிருக்கும். வகுப்பில் எத்தனையோ வருடம் சொல்லிக் கொடுத்ததுதான், அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்போது புதிதாக இருந்தது. நம் பக்கம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் சாயாமல் செங்குத்தாக இறங்கும். தொட்டதில் இருந்து முழுக்கப் போக இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆனது.

போய்விட்டது. நான் படகோட்டியைப் பார்த்தேன். அவர் எஞ்சின் கயிற்றைத் தொடவில்லை, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். தம்பி பிளாஸ்கில் இருந்து தே (தேநீர்) ஊற்றிக் கொடுத்தார். ஐந்து நிமிடம் வானம் வெளிறிக் கிடந்தது. பிறகு கீழே இருந்து மேகங்களின் வயிற்றில் செம்மை ஏறத் தொடங்கி, தண்ணீரும் அதே நிறமானது. அம்மாவின் வெள்ளை முடிகூட இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அவர் தேயைக் குடிக்க மறந்து பிடித்திருந்தார்.

"மணி என்ன?" என்றார் பிறகு.

"ஏழே முக்கால்மா."

"பழைய நேரத்துல ஏழேகால்."

1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அம்மா அதை இன்றுவரை பழைய நேரம், புது நேரம் என்றுதான் சொல்வார். பெரட்டுக்கு (தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுப்பு) போன நாட்களில், புது நேரம் வந்த பிறகு இன்னும் அதிக இருட்டில் கிளம்ப வேண்டியிருந்ததாம்.

இந்தக் காத்திருப்புக்கு இன்னொரு பலனும் உண்டு. நன்றாக இருட்டினால்தான் அடுத்த இடத்துக்கு அர்த்தம். வேனில் கம்போங் குவாந்தான் போய்ச் சம்பானில் ஏறினோம், துடுப்புதான், எஞ்சின் கிடையாது. ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் சேர்ந்தாற்போல மின்னி அணைகின்றன. எங்கள் ஊரை ஒட்டி ஓடும் அதே சிலாங்கூர் ஆறு. போனில் விளக்கு போடவேண்டாம் என்று தம்பி முன்பே சொல்லிவிட்டார், எல்லாரும் சொன்னபடி கேட்டார்கள்.

இரவுச் சாப்பாடு பாசிர் பெனாம்பாங்கில். இறால் நன்றாக இருந்தது, மீனில் உப்பு தூக்கல்.

போகிறவர்களுக்கு: ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை இடிமழை அதிகம், தவிர்க்கலாம். தூரத்துப் பிள்ளைகள் வந்திருக்கும் விடுமுறையில் போவதானால் வார நாளில் போங்கள். படகுத்துறையில் படி வழுக்கும், ரப்பர் செருப்பு போதாது, பிடிப்புள்ள காலணி வேண்டும். கொசுவுக்குக் கை முழுக்கச் சட்டை. தம்பியிடம் முன்பணம் கேட்டால் பயப்பட வேண்டாம், மழை பெய்து படகு போகாத நாளில் முழுவதையும் திருப்பிக் கொடுத்ததைப் பக்கத்து வீட்டில் நானே பார்த்தேன்.

அடுத்த மாதத்துக்கு ஆறு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவோடு பக்கத்துப் பக்கத்து நிரையில் மரம் வெட்டிய இரண்டு பெரியம்மாக்களும் வருகிறார்கள். மூன்றரைக்கு வேன் என்றால் மூன்றரைக்கே வரவேண்டும் என்று தம்பியிடம் அம்மாவே பேசிவிட்டார்.