‘ஜப்பான் சிவப்பு ஓக்’ என்று 6,800 ரூபாய்க்கு என் தலையில் கட்டிய மர வாள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனால் போகிறது என்று விட்டுவிடுவேன், அதை நம்பித்தான் இந்த மாதிரிக் கடைகளே ஓடுகின்றன. ஐகிடோ, கென்டோ என்று ஜப்பானியத் தற்காப்புக் கலை எதையாவது பழகுகிறவர்களும், பிள்ளைகளை வகுப்பில் சேர்த்துவிட்டிருக்கும் பெற்றோர்களும் தயவுசெய்து படியுங்கள். பொக்கென் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பொக்கென் என்பது ஜப்பானிய வாளின் அளவிலும் வளைவிலும் ஒரே மரத்தில் செதுக்கிய பயிற்சி வாள். வழக்கமான நீளம் சுமார் 101.5 சென்டிமீட்டர். கூர் இல்லையே தவிர, விளையாட்டுச் சாமான் இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று பழகும்போது மரத்தோடு மரம் முழு வேகத்தில் மோதும். அதனால்தான் ஜப்பானில் இதற்கென்றே இறுகிய, கனமான ஓக் வகைகளைப் பயன்படுத்துகிறார்கள். வெள்ளை ஓக்கை ஷிரோகாஷி என்றும் சிவப்பு ஓக்கை அகாகாஷி என்றும் சொல்வார்கள். அந்த நாட்டு மர வாள்களில் பெரும்பங்கு மியாசகி மாகாணத்தின் மியாகோனோஜோ என்ற ஒரே ஊரிலிருந்து வருகிறது.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்த ஆளிடம்தான் அந்தக் கடைக்காரர் விற்றார். அதுதான் எரிகிறது.

கடை பெயரைப் போடவில்லை. தற்காப்புக் கலைச் சாமான்கள் மட்டுமே விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் இணையக் கடை, அவ்வளவுதான். விலை கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டேன். விலையைச் சொல்லாமல் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: “சார், நீங்க எந்த ஸ்டைல் பழகறீங்க? இவாமாவா? அப்படின்னா வளைவு கம்மியா, கொஞ்சம் தடியா இருக்கற மாடல்தான் எடுக்கணும். கென்டோ காத்தாவுக்கு விக்கறத எடுத்துடாதீங்க, அது உங்களுக்கு ஆகாது.”

இவாமா ஐகிடோவில் ஒரு பாணி, காத்தா என்பது அசைவுகளை முன்பே வகுத்து வைத்த பயிற்சி. சரியான கேள்வி, சரியான பதில். விளையாட்டுச் சாமான் கடைகளில் பொக்கென் என்று கேட்டால் கிரிக்கெட் ஸ்டம்ப் எடுத்துக் காட்டும் ஊரில், இப்படிப் பேசும் ஒருவர் கிடைத்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? மியாகோனோஜோ பெயரையும் அவரே சொன்னார். மர ரேகை தெரிகிற மாதிரி கிட்டத்தில் எடுத்த படம் கேட்டேன். உடனே வந்தது. பிடியிலிருந்து நுனிவரை நூல் பிடித்த மாதிரி ரேகை. “இதே வாள்தான் வருமா?” என்றேன். “இதேதான் சார். உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சுட்டேன்.” பணம் முன்கூட்டியே கட்ட வேண்டுமாம், இறக்குமதிச் சரக்காம். 6,800 ரூபாய் அனுப்பினேன்.

ஜப்பானிலிருந்து வர வேண்டிய பார்சல், கூரியர் கணக்குப்படி வட இந்திய ஊர் ஒன்றிலிருந்து கிளம்பியது. கேட்டதற்கு “அங்க நம்ம குடோன் இருக்கு சார்” என்றார். பிரித்தால், கண்ணாடி மாதிரி பளபளக்கும் வார்னிஷ். கையில் எடுத்ததும் லேசாக இருந்தது. மளிகைக் கடைத் தராசில் வைத்தோம், 390 கிராம். அந்தத் தடிமனுக்கு நல்ல ஓக் என்றால் 550 கிராமாவது வேண்டும். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது: “நல்லா காஞ்ச மரம் சார், அதான் வெயிட் கம்மி. காயாத மரம்தான் கனக்கும்.” ஈர மரம் கனக்கும் என்பது உண்மைதானே. உண்மையைப் பாதி கலந்து பேசுகிறவரை எப்படிப் பிடிப்பது?

வகுப்பில் ஜோடிப் பயிற்சி. எதிரே நின்ற தம்பி மேலிருந்து இறக்கினான், நான் தடுத்தேன். அவன் அடித்தது பலமான அடிகூட இல்லை. என் வாளின் நுனிப்பக்கம் ஒரு சாண் துண்டு சாய்வாகப் பிளந்து அவன் காதோரமாகப் பறந்து சுவரில் மோதியது. கண்ணில் பட்டிருந்தால்? அந்தப் பையனுக்கு இந்த வருடம் பொதுத்தேர்வு.

எங்கள் சென்செய், அதாவது ஆசிரியர், முறிந்த இடத்தைத் திருப்பிக் காட்டினார். வெளியே அடர் சிவப்பு, உள்ளே தக்காளிப் பெட்டிப் பலகை மாதிரி வெளுப்பு. சாயம் பூசி மேலே வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். ரேகை நீளவாக்கில் ஓடாமல் பாதியிலேயே பக்கவாட்டில் வெளியேறியிருக்கிறது, அந்தக் கோட்டிலேயே பிளந்திருக்கிறது. எனக்கு அனுப்பிய படத்தில் இருந்த வாள் இது இல்லவே இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில், “மரம் இயற்கைப் பொருள் சார், ஒண்ணு போல ஒண்ணு இருக்காது.” அடுத்து, “நீங்க ஓவரா அடிச்சிருப்பீங்க.” மோதாமல் பழக நான் பரதநாட்டியமா பழகுகிறேன்? அதற்கும் அடுத்து, “இம்போர்ட் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது.” முறிந்த இடத்தின் படத்தையும் அவர் அனுப்பிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டால் ஒரு பெண், “ஓனர் ஊர்ல இல்ல, வந்ததும் பேசச் சொல்றேன்” என்றார். ஓனர் இன்னும் வரவில்லை. கடைசியாக வந்தது அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதத் தள்ளுபடி கூப்பன்! 6,800 ரூபாயை விழுங்கிவிட்டு இன்னொரு தடவை வா என்கிறார். அவர்கள் பக்கத்தில் நான் போட்ட கமென்ட் அழிக்கப்பட்டு, என் எண்ணும் பிளாக் ஆனது.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் இணையக் கடையில் இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவர்கள் தளத்தில் முகவரிகூடக் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். 6,800 ரூபாய் திரும்பி வருமா என்பது அப்புறம். அதே ரேகைப் படத்தை “கடைசி ஒன்று மட்டும்” என்று மறுபடி போட்டிருக்கிறார்கள், இப்போது விலை 7,200.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கு மனசில்லை. ரேகையைக் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள், படம் போதாது, வாளைத் திருப்பித் திருப்பிக் காட்டும் வீடியோ கேளுங்கள். அதே வாளைத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கெட்டி வார்னிஷ் என்றால் வேண்டாம், வியர்வையில் வழுக்கும், அடியில் இருப்பதையும் மறைக்கும். முன்பணம் மட்டும்தான் என்றால் நகர்ந்துவிடுங்கள். முடிந்தால் உங்கள் சென்செய் மூலம் நாலைந்து பேர் சேர்ந்து வரவழையுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிப் பார்சலுக்குக் காத்திருப்பவர்கள் பிரிப்பதை முழுக்க வீடியோ எடுங்கள். எடை குறைந்தால் அந்த வாளோடு யார் எதிரிலும் நிற்காதீர்கள்.