ஒட்டாவா ரீடோ ஹால்: கட்டாயம் பாருங்கள்

கனடாவில் மன்னரின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரலின் மாளிகை, வழிகாட்டியோடு இலவசமாகவே சுற்றிக் காட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தது டென்ட் ரூம். ஒருகாலத்தில் உள்ளரங்க டென்னிஸ் கூடமாம், சுவரிலும் கூரையிலும் கூடாரம் போலக் கோடு போட்ட துணி, நடுவே பிரிட்டனிலிருந்து வந்த பழைய கவர்னர்களின் படங்கள். அங்கே நின்றபோது, அப்படி கவர்னர் ஜெனரலாக வந்த எழுத்தாளர் ஜான் பக்கன் நினைவுதான் வந்தது. பிரபு போன்ற பட்டங்கள் வேண்டாம் என்று கனடா மக்களவை 1919-லேயே தீர்மானம் போட்டிருந்தது, சாதாரண மனிதராகவே வரட்டும் என்றுதான் கனடாவின் லிபரல் கட்சித் தலைவர் மெக்கன்சி கிங்கும் விரும்பினார், ஆனால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பிடிவாதத்தால் 1935-ல் ட்வீட்ஸ்முயர் பிரபுவாகத்தான் வந்தார். அந்தப் பட்டத்தை பக்கன் மறுத்திருக்க வேண்டும் என்பேன். போகிற நாட்டின் மனசு முக்கியமில்லையா? சரி, ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள், தோட்டமும் அருமை.