ஐந்தாண்டுப் படிப்பா, மூன்றாண்டுப் பணியா? புவி, கோள் அறிவியலில் முனைவர் பட்டத்துக்கான வழிகள்

நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030 ஏப்ரலில் வியாழனைச் சென்றடையும் என்பது திட்டம். ஐரோப்பாவின் ஜூஸ் 2031 ஜூலையில் போய்ச் சேரும். வியாழனின் பனி நிலவுகளை ஆராய ஆசைப்பட்டு 2026-ல் முனைவர் படிப்பில் சேரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கத் துறை ஒன்றில் சேர்ந்தால் ஐந்து ஆண்டு ஆகும், சில நேரம் ஆறு. கிளிப்பரின் முதல் தரவுகள் அவருடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்குள் வந்துவிட வாய்ப்புண்டு. ஜெர்மனியில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தால் விண்கலம் போய்ச் சேரும் முன்பே பட்டம் கையில் இருக்கும்.

முதலாமவருக்குத்தான் அதிர்ஷ்டம் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பே முடித்தவர் பனி ஓட்டின் கணினி மாதிரிகளை உருவாக்கியிருப்பார், அல்லது ஆய்வகத்தில் உப்புப் பனியை உருக்கியும் உறையவைத்தும் அளந்திருப்பார். தரவு வந்து இறங்கும் நாளில் அவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வில் இருக்கும் முதுமுனைவர் ஆய்வாளர். கேள்வியும் கருவியும் தயாராக இருக்கும், தலைக்கு மேல் ஆய்வேட்டின் கெடு இருக்காது.

விண்ணப்பிக்கும் பலர் முதலில் பார்ப்பது பல்கலைக்கழகத் தரவரிசையை. இந்தத் துறையில் அதைவிட முக்கியமானவை இரண்டு. உங்கள் கேள்வி எவ்வளவு தூரம் உருவாகியிருக்கிறது என்பது ஒன்று. அந்தக் கேள்விக்கான தரவு எப்போது, எங்கிருந்து வரும் என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் எந்த நாட்டு முறை யாருக்குப் பொருந்தும் என்பது ஓரளவு தெளிவாகிவிடும்.

அமெரிக்க முறையில் நீங்கள் ஒரு துறைக்கு விண்ணப்பிக்கிறீர்கள். ஹார்வர்டிலும் பெர்க்லியிலும் அது புவி, கோள் அறிவியல் துறை. கால்டெக்கில் நிலவியல், கோள் அறிவியல் பிரிவு. எம்.ஐ.டி.யில் வளிமண்டலமும் சேர்ந்து ஒரே துறை. இளநிலைப் பட்டம் இருந்தாலே போதும். டிசம்பரிலிருந்து ஜனவரி முதல் வாரங்களுக்குள் நோக்கக் கட்டுரை, மதிப்பெண் பட்டியல், பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் போய்ச் சேர வேண்டும். ஜிஆர்இ என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பல துறைகள் கேட்பதை நிறுத்திவிட்டன. விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்கு தரும் துறைகளும் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.

முடிவெடுப்பது சேர்க்கைக் குழு என்று எழுதியிருப்பார்கள். நடைமுறையில், "இவரை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு பேராசிரியராவது சொல்லாவிட்டால் கோப்பு நகர்வது கடினம். அதனால் செப்டம்பர், அக்டோபரிலேயே எழுதிவிட வேண்டும். நீளமான மின்னஞ்சல் வேண்டாம். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் எந்த இடம் உங்களை யோசிக்க வைத்தது, நீங்கள் இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள், வரும் ஆண்டு மாணவர் எடுக்கிறாரா, இவ்வளவு போதும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இந்த முறையின் பெரிய பலம், மனம் மாற இடம் தருவது. முதல் ஓரிரு ஆண்டுகள் பாடங்கள், பிறகு தகுதித் தேர்வு. கால்டெக்கின் அந்தப் பிரிவில் தகுதித் தேர்வுக்கு இரண்டு வெவ்வேறு ஆய்வு முன்மொழிவுகளோடு போய் நிற்க வேண்டும். நிலநடுக்கம் படிக்க வந்தவர் செவ்வாயின் உள்ளமைப்புக்குத் தாவுவதெல்லாம் இப்படித்தான் நடக்கிறது. இயற்பியலோ வேதியியலோ படித்துவிட்டு, பாறை, கோள் என்றால் பிடிக்கும், ஆனால் எதில் இறங்குவது என்று இன்னும் தெரியவில்லை என்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

பலவீனம் பணத்தில் இருக்கிறது. கல்விக் கட்டணம் விலக்கி மாதாந்திர உதவித்தொகையும் தருவார்கள் என்பது பொதுவான நிலை. ஆனால் அந்தத் தொகை துறையின் நல்கையாக வரலாம், வகுப்பு எடுப்பதற்காக வரலாம், நெறியாளரின் ஆய்வு நிதியிலிருந்தும் வரலாம். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்டதாரி நல்கை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டும்தான். வெளிநாட்டவர் பெரும்பாலும் நெறியாளரின் நிதியை நம்பியிருக்க வேண்டும், அந்த நிதியோ அரசு அமைப்புகளை நம்பியிருக்கிறது. 2025-ல் ஆய்வு நிதி நிச்சயமற்றுப் போனதும் பல பல்கலைக்கழகங்கள் முனைவர் சேர்க்கையைக் குறைத்தன. "எத்தனை ஆண்டுக்கு நிதி உறுதி? யாருடைய நிதியிலிருந்து?" என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை. கேட்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

ஐரோப்பியக் கண்டத்தில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் நீங்கள் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள். முதுநிலைப் பட்டம் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். திட்டம் ஏற்கெனவே எழுதப்பட்டு, நிதி கிடைத்து, நெறியாளர் ஆள் தேடிக்கொண்டிருப்பார். பிரான்சில் மூன்றாண்டு ஒப்பந்தம், நெதர்லாந்தில் நான்காண்டு. ஜெர்மனியில் சம்பளம் அரசு ஊதிய அட்டவணைப்படி வரும், ஆனால் முழுநேரச் சம்பளத்தில் 65 அல்லது 75 விழுக்காடு என்று குறிப்பிட்டிருப்பது வழக்கம். விடுப்பு, காப்பீடு, ஓய்வூதியக் கணக்கு எல்லாம் உண்டு. குடும்பத்தைத் தாங்க வேண்டியவருக்கு இது பெரிய விஷயம்.

கோட்டிங்கன் நகரில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் சூரிய மண்டல ஆய்வு நிறுவனம் போன்ற சில இடங்கள் ஆய்வுப் பள்ளி நடத்தி, பல இடங்களுக்குச் சேர்த்து அறிவிப்பு வெளியிடுகின்றன. மற்ற இடங்களுக்கு மாதக் கணக்கே கிடையாது, எப்போது வேண்டுமானாலும் விளம்பரம் வரும். ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தை வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. எழுத்தும் மாறும். அமெரிக்காவுக்கு எழுதும் நோக்கக் கட்டுரை "நான் எப்படி யோசிக்கிறேன்" என்று காட்ட வேண்டும். இங்கே அனுப்பும் கடிதம் "இந்த வேலையை என்னால் இன்னின்ன காரணத்தால் செய்ய முடியும்" என்று காட்ட வேண்டும். விளம்பரத்தில் பைத்தான், எலக்ட்ரான் நுண்ணோக்கி என்று கேட்டிருந்தால், அவற்றை எங்கே, எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும்.

சரி, என்ன லாபம்? நடந்துகொண்டிருக்கும் வேலைக்குள் நேராகப் போய் இறங்கலாம். 2018 நவம்பரில் செவ்வாயில் இறங்கிய இன்சைட் விண்கலத்தின் நிலநடுக்கமானிக்கு அறிவியல் தலைமை ஏற்றது பாரிஸில் உள்ள புவி இயற்பியல் நிறுவனம், மின்னணுப் பகுதி சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிக் பல்கலைக்கழகத்தில் உருவானது. செவ்வாய் நடுக்கங்களைப் பட்டியலிடும் பணியையும் சூரிக்கிலிருந்தே நடத்தினார்கள். 2022 மே 4 அன்று 4.7 அளவில் செவ்வாய் அதிர்ந்தபோது அந்த அதிர்வலைப் பதிவை முதலில் பார்க்கும் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்றால், கருவியைச் செய்த குழுவில் இருக்க வேண்டும்.

ஆபத்தும் அதிலேதான் இருக்கிறது. ஒரே திட்டம், ஒரே நெறியாளர், மூன்றே ஆண்டு. விண்கலங்களோ கால அட்டவணைக்குக் கட்டுப்படுவதில்லை. பெபிகொலம்போ 2025 டிசம்பரில் புதனின் சுற்றுப்பாதைக்குள் போக வேண்டியது, உந்துவிசைக் கோளாறால் 2026 நவம்பருக்குத் தள்ளிப்போனது. ஐரோப்பாவின் ரோசாலிண்ட் ஃபிராங்க்ளின் செவ்வாய் ஊர்தி 2020-ல் கிளம்ப வேண்டியது, அது 2022 ஆகி, பிறகு 2028 ஆகிவிட்டது. ஆறாண்டுப் படிப்பில் பதினொரு மாதத் தாமதம் எரிச்சல், அவ்வளவுதான். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

அதனால் குறுகிய ஒப்பந்தத்தை எடுப்பவர்களுக்கு என் அழுத்தமான பரிந்துரை: கையில் ஏற்கெனவே இருக்கும் பொருளை நம்பிய திட்டமாகப் பாருங்கள். ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2023 செப்டம்பரில் பென்னு சிறுகோளிலிருந்து கொண்டுவந்தது 121.6 கிராம். ஹயபுசா-2 ரியுகு சிறுகோளிலிருந்து 2020-ல் கொண்டுவந்தது 5 கிராமுக்குச் சற்று மேல். அந்த மண் இனி தாமதமாகாது. 1972-ல் அப்போலோ 17 எடுத்து வந்து மூடி வைத்திருந்த ஒரு மண்குழாயை 2022-ல்தான் திறந்தார்கள், ஐம்பது ஆண்டு கழித்தும் அதில் புதிய வேலை இருந்தது. பழைய தரவுகளும் இப்படித்தான். மகெல்லன் விண்கலம் 1991-ல் எடுத்த ரேடார் படங்களை மறுபடி ஒப்பிட்டுப் பார்த்து, வெள்ளியில் ஓர் எரிமலை வாய் எட்டு மாதங்களுக்குள் உருமாறியிருந்ததை 2023-ல் வெளியிட்டார்கள். அந்தப் படங்கள் யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய பொதுக் காப்பகத்தில் முப்பது ஆண்டாக இருந்தவை.

பிரிட்டன் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மூன்றரை ஆண்டு நிதி, திட்டப் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்து ஜனவரி வாக்கில் விண்ணப்பம், பிறகு நேர்காணல். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புவி அறிவியலுக்கு நிதி தருவது பெரும்பாலும் இயற்கைச் சூழல் ஆய்வு மன்றம், கோள் அறிவியலுக்கு அறிவியல், தொழில்நுட்ப வசதிகள் மன்றம். ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு நெறியாளர்களுக்கு வெவ்வேறு படிவம், வெவ்வேறு கெடு தேதி இருக்கலாம். மன்ற நிதியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு 30 விழுக்காடு உச்சவரம்பும் இருக்கிறது, எனவே வெளிநாட்டவருக்குப் போட்டி கடுமை.

நாட்டைத் தாண்டி இன்னொரு தேர்வு இருக்கிறது, அதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. கோள்களை மட்டும் ஆராயும் இடமா, கோள் ஆய்வாளர் சிலர் இருக்கும் புவி அறிவியல் துறையா? முதல் வகைக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் நிலவு, கோள் ஆய்வகம் நல்ல எடுத்துக்காட்டு. 1960-ல் ஜெரார்ட் கைப்பர் தொடங்கியது, ஒசைரிஸ்-ரெக்ஸ் பயணத்தை வழிநடத்தியது. அங்கே சாப்பாட்டு மேசையில்கூடக் கோள்களைப் பற்றிய பேச்சுதான் இருக்கும். வளிமண்டலம், சுற்றுப்பாதை இயக்கம், தொலை நுண்ணுணர்வு ஆகியவற்றை விரும்புகிறவர் அங்கே போகலாம்.

பாறையும் படிவும் உங்களை இழுக்கின்றன என்றால் நான் புவி அறிவியல் துறையைத்தான் சொல்வேன். அரிசோனாவில் இருக்கும் பெரும் பள்ளம் விண்கல் மோதி உண்டானது என்பதை 1960-ல் கோயசைட் என்ற கனிமத்தை வைத்து உறுதிப்படுத்திய யூஜின் ஷூமேக்கர் அடிப்படையில் ஒரு நிலவியலாளர். அதே பள்ளத்தை உண்டாக்கிய விண்கல்லின் துண்டிலும் வேறு சில விண்கற்களிலும் ஈய ஐசோடோப்புகளை அளந்துதான் புவி வேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956-ல் வெளியிட்டார். கியூரியாசிட்டி ஊர்தி 2012-ல் இறங்கியபோது அதன் அறிவியல் தலைவராக இருந்த ஜான் குரோட்சிங்கர், பூமியின் மிகப் பழைய படிவுப் பாறைகளில் தேர்ந்தவர். செவ்வாயில் ஏரிச் சேறு கெட்டியான பாறையைப் பார்த்ததும் இனங்காண அந்தப் பயிற்சி தேவைப்பட்டது. களத்தில் பாறையைத் தொட்டுப் படிக்காதவருக்கு, இருபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் எடுத்த படத்தைப் படிப்பது கடினம். நீர்வளம், கனிமம், பேரிடர் ஆய்வு என்று வேறு வேலைகளுக்குப் போகவும் புவி அறிவியல் பயிற்சி கதவைத் திறந்து வைக்கும்.

எந்த முறை என்றாலும் நெறியாளரை எடைபோட ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் மார்ச் மாதம் நடக்கும் நிலவு, கோள் அறிவியல் மாநாட்டுக்கு அனுப்பும் இரண்டு பக்கச் சுருக்கங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் மனத்தில் இருக்கும் பேராசிரியரின் பெயரைப் போட்டுக் கடந்த ஐந்தாறு ஆண்டைத் தேடுங்கள். முதல் பெயராக மாணவர்கள் வருகிறார்களா, அதே மாணவர் அடுத்த ஆண்டும் வருகிறாரா, பட்டம் பெற்ற பிறகும் அந்தக் குழுவோடு சேர்ந்து எழுதுகிறாரா என்று பாருங்கள். அப்புறம் அங்கே இப்போது படிக்கும் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். கடைசியாக முடித்த மூன்று பேருக்கு எத்தனை ஆண்டு ஆனது, ஊருக்குப் போக விடுப்பு கேட்டால் என்ன நடக்கும் என்று நேராகவே கேளுங்கள்.

இரண்டு கண்டங்களுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்கலாம், முதுநிலை முடிக்கும் நிலையில் இருப்பவர்கள் அப்படிச் செய்வதே நல்லது. சிக்கல் மார்ச்சில் வரும். அமெரிக்காவில் நிதியோடு வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தரும் உடன்பாட்டில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஐரோப்பிய நெறியாளருக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை, ஒன்றிரண்டு வாரத்தில் பதில் கேட்பார். அப்போது மழுப்ப வேண்டாம். வேறு இடத்திலும் முடிவு வர வேண்டியிருக்கிறது, இன்ன தேதி வரை பொறுக்க முடியுமா என்று எழுதுங்கள். அதே நாளில் அமெரிக்கத் துறைக்கும், கையில் ஒரு பணி அழைப்பு இருக்கிறது, முடிவு எப்போது தெரியும் என்று எழுதுங்கள். நிறைய நேரம் இரண்டு பக்கமும் ஒரு தேதியைச் சொல்லிவிடுவார்கள்.